சேர்வராயன் அடிவார ஓடையில் தூர் வாரிய வேலை: அளவு, முறை, பிழை

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம், சேர்வராயன் மலை சமவெளியில் கால் வைக்கும் இடத்தில் ஒரு காட்டோடை. கீழே போய் ஏரியின் வரத்து வாய்க்காலாகிறது. தூர் வாரிய நீளம் 340 மீட்டர். நடுவே தெருவுக்கு அடியில் 900 மி.மீ. விட்டத்தில் இரட்டைக் குழாய்ப் பாலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மலையைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டியதில் ஓடை மேடேறி, தண்ணீர் பாலத்துக்கு மேலேறித் தெருவில் ஓடியது. அப்போதைக்குப் பாலத்தின் வாயை மட்டும் திறந்துவிட்டு, முழு வேலையை மாசி பிறந்த பிறகு எடுத்தோம். ஈரம் சொட்டும் டிசம்பரில் வாரினால் டிப்பர் பாதி தண்ணீரைத்தான் சுமக்கும். சித்திரைக்குத் தள்ளினால் கோடை மழை முந்திக்கொள்ளும். மாசியும் பங்குனியும்தான் இடைவெளி.

மண் ஏன் இங்கே நிற்கிறது என்பதற்குச் சரிவுதான் காரணம். மேலே 1:20 சரிவில், அதாவது 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கத்தில், வரும் தண்ணீர் கல்லையும் உருட்டும். அடிவாரத்தில் சரிவு 1:130 ஆனதும் அந்த வேகம் செத்துச் சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. எத்தனை முறை வாரினாலும் அடுத்த மழைக்கு மண் வரும். அதைத் தடுக்க முடியாது. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். வீட்டுச் சுவர்களுக்கு நடுவே 340 மீட்டருக்குப் பரவி நிற்பதை விட, ஜேசிபி இறங்கக்கூடிய ஓர் இடத்தில் மொத்தமாக நிற்பது மேல். வேலை முழுக்க இந்தக் கணக்கில்தான் போட்டது.

அளவெடுப்பு

இருபது மீட்டருக்கு ஒரு குறி, சுண்ணாம்புப் பொடியில். மொத்தம் 18 குறி. ஒவ்வொன்றிலும் இடது, நடு, வலது என மூன்று இடத்தில் 12 மி.மீ. கம்பியைச் சம்மட்டியால் இறக்கினோம். புது மண்ணில் கம்பி 'சளக்' என்று இறங்கும். பழைய அடிமட்டத்தைத் தொட்டதும் கை அதிரும், சத்தம் கெட்டியாகும். ஒரே இடத்தில் மட்டும் சத்தம் கெட்டியானால் அது புதைந்த உருட்டுக்கல்லாக இருக்கலாம். அரை மீட்டர் தள்ளி இன்னொரு முறை குத்திப் பார்க்காமல் எழுதக் கூடாது.

மண்ணின் கனம் தலைமாட்டில், அதாவது மேல்முனையில், 90 செ.மீ., கடைசியில் 20 செ.மீ., சராசரி 45 செ.மீ. அடி அகலம் 3 மீட்டர். 340 × 3 × 0.45 = 459 கன மீட்டர். தோண்டிய மண் பூக்கும், அதாவது தளர்ந்து கன அளவு கூடும். இந்த மணல் கலவைக்கு 1.25 மடங்கு வைத்தால் 574 கன மீட்டர், அதாவது 203 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் 68 நடை. இந்தப் பூக்கும் கணக்கை விட்டுவிட்டு வண்டி பேசுகிறவர்கள் கடைசி 14 நடைக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

மட்டம் பார்க்க டியூப் லெவலே, அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற டியூபே, போதும். 340 மீட்டருக்கு மொத்த இறக்கம் 2.55 மீட்டர் வந்தது, அதாவது ஒவ்வொரு 20 மீட்டருக்கும் 15 செ.மீ. டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் இரண்டு மூன்று செ.மீ. பொய் சொல்லும். குமிழி போகும் வரை தட்டிவிட்டு, இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்த பிறகே நகர வேண்டும். 260-வது மீட்டரில் மண்ணுக்கு அடியில் பழைய கான்கிரீட் படிக்கட்டு ஒன்று கிடைத்தது. எந்தக் காலத்தில் போட்டதோ, ஓடையின் அசல் அடிமட்டம் அதுதான். மற்ற மட்டங்களை எல்லாம் அதிலிருந்தே இறக்கினோம்.

பாட்டில் சோதனை

வாருவதற்கு முன் மூன்று இடத்து மண்ணை ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்து ஐந்து நிமிடம் குலுக்கி வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் அடியில் நிற்பது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் உட்காருவது வண்டல். மறுநாள் வரை செம்மண் நிறத்தில் கலங்கியே நிற்பது களி. தலைமாட்டு மண்ணில் பத்தில் ஒன்பது மணலும் சரளையும். கடைசிப் பகுதி பாட்டிலில் 10 செ.மீ. படிவில் 4 மணல், 4 வண்டல், 2 களி. எந்த மண் எங்கே போக வேண்டும் என்பதை இந்தச் சோதனைதான் சொல்கிறது.

மண்ணின் முகத்தைப் பார்த்தும் சில விஷயம் தெரியும். முனை மழுங்காத புதுக் கல் வந்தால் மேலே சரிவு உருண்டிருக்கிறது. உருண்டைக் கல் வந்தால் ஓடையே தன் பழைய படுகையை அரிக்கிறது. செந்நிறக் களி திடீரென்று கூடினால் மேலே யாரோ புதிதாக மண் வெட்டியிருக்கிறார்கள், சாலைக்கோ மனைக்கோ.

குழாய்ப் பாலம்

இரண்டு குழாயிலும் 30 செ.மீ. உயரத்துக்கு மண். பார்வைக்கு மூன்றில் இரண்டு பங்கு திறந்திருப்பதால் 'பரவாயில்லை' என்று தோன்றும். பரப்பில் 29 சதவீதம்தான் போயிருக்கிறது. ஆனால் அடியில் தட்டையான மண் தரை வந்ததால் தண்ணீர் உரசும் சுற்றளவு அவ்வளவாகக் குறையவில்லை. அதனால் குழாய் கடத்தும் அளவு கிட்டத்தட்ட 40 சதவீதம் விழுந்துவிடுகிறது. தெருவில் தண்ணீர் ஓடியதற்கு இந்த 30 செ.மீ. போதுமானது.

குழாய்க்குள் ஆள் இறங்கக் கூடாது. வீட்டுக் கழிவு கலந்து அழுகிய தூரில் விஷவாயு இருக்கும். முதல் மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் இழுவைச் சட்டி செய்தோம். 200 லிட்டர் இரும்பு பீப்பாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து, முன் உதட்டில் 50 × 6 மி.மீ. பட்டையைப் பற்றவைத்து, இரண்டு முனையிலும் கொக்கி. பீப்பாயை அறுக்கும் முன் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, வாய் வரை தண்ணீர் நிரப்பி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே மட்டும் அறுக்க வேண்டும். காலி எண்ணெய்ப் பீப்பாயில் கிரைண்டர் பொறி பட்டால் அது வெடிகுண்டு.

கயிறு நுழைக்க 25 மி.மீ. ஜிஐ பைப்பை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, சாக்கெட் போட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் திருகித் தள்ளினோம். முனை மறுபக்கம் வந்ததும் 12 மி.மீ. கம்பிக்கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். கீழ்ப்பக்கம் டிராக்டர் இழுக்கும், மேல்பக்கம் காலிச் சட்டியைத் திரும்ப இழுக்க இரண்டு ஆள். எப்போதும் கீழ்வாயை முதலில் திறக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் கூழாகி, சட்டியில் நிற்காமல் வழிந்து உள்ளேயே தங்கும்.

முதல் நாள் மூன்றாவது இழுப்பிலேயே சட்டி மாட்டிக்கொண்டது. இரண்டு குழாய்த் துண்டு சேரும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் படி இருக்கிறது. நேரான உதடு அதில் போய் இடித்தது. டிராக்டர் வெடுக்கென்று இழுத்திருந்தால் இணைப்பே பெயர்ந்திருக்கும். உதட்டைப் பனைமட்டை முனை போல மூன்று செ.மீ. மேலே வளைத்த பிறகு வழுக்கிக்கொண்டு போனது. வளைத்ததால் கடைசி நான்கு செ.மீ. மண் அடியில் நிற்கும். அதற்கு லாரித் தண்ணீரை மேல்வாயில் வேகமாகத் திறந்துவிட்டால் போதும். கம்பிக்கயிறு இழுபடும்போது அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டால், அறுந்தாலும் கயிறு சாட்டையாகப் பறக்காமல் கீழே விழும்.

வாருதல்

கீழிருந்து மேலே. ஜேசிபி கரைமேல் நின்று பின் பக்கெட்டில் வாரியது. இரண்டு இடத்தில் மட்டும் ஓடைக்குள் இறங்க வேண்டியிருந்தது. மிருதுவான மண்ணில் மணிக்கு 25 கன மீட்டர் வரும். அந்தக் கணக்குக்கு 18 மணி நேரம்தான். டிப்பருக்குக் காத்துக் கிடந்ததில் 26 மணி நேரமானது. சந்து வழியே இரண்டு டிப்பர் எதிர் எதிரே வர முடியாத இடத்தில் நான்கு வண்டி வைத்தும் பயனில்லை. மூன்றே சரி.

பல் வைத்த பக்கெட்டால் அடிமட்டத்துக்கு 10 செ.மீ. மேலே வரை எடுத்து, மீதியைப் பல் இல்லாத அகல பக்கெட்டால் வழித்தெடுக்க வேண்டும். பல்லாலேயே முடித்தால் அடியில் உழவுசால் போலப் பள்ளம் விழும். தண்ணீர் அதில் தேங்கும், கொசு வரும், அடுத்த மழையில் மண் பிடிக்கும் முதல் இடமும் அதுதான்.

பெரிய பிழை 120-வது மீட்டருக்கும் 160-வது மீட்டருக்கும் நடுவே நடந்தது. அங்கே மண் மிருதுவாக இருக்க, ஆபரேட்டர் ஆழமாகப் போய்விட்டார். மட்டம் பார்க்க ஆளும் இல்லை. குறித்ததை விட 40 செ.மீ. கீழே. பக்கத்துச் சுற்றுச்சுவரின் அஸ்திவாரக் கல் வெளியே தெரிந்தது. 'ஆழமாக எடுத்தால் தண்ணீர் நிறையப் போகும்' என்பது ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. கீழே மட்டம் உயரமாக இருக்க நடுவில் ஆழம் வெட்டினால் அது குட்டைதான். மேல்பக்கமோ, தண்ணீர் அந்தப் பள்ளத்தில் விழுந்து விழுந்து படுகையை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும். பாலத்தின் அடித்தளம் வரை போனால் பாலமே உட்காரும். வாரிய தூரையே திரும்பப் போட்டு நிரப்பினால் முதல் மழையில் கரைந்துவிடும். அதனால் தலைமாட்டில் கிடைத்த 20 முதல் 30 செ.மீ. உருட்டுக்கல்லைக் கையால் அடுக்கி, இடுக்கில் சரளை திணித்து மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். அன்று முதல் ஒவ்வொரு குறியிலும் சிவப்புத் துணி கட்டிய முளை. முளையைத் தாண்டி பக்கெட் இறங்கினால் வண்டி நிற்க வேண்டும்.

கரைச்சரிவு (இங்கே கிடை அளவு முதலில், உயரம் பிறகு) செம்மண் சரளையில் 1:1, மணலில் 1.5:1. கரையில் இருந்த பனையையும் புங்கனையும் தொடவில்லை. சீமைக் கருவேலம் வேரோடு போனது. நெய்வேலிக் காட்டாமணக்குதான் தொல்லை. ஒரு கணு தூரோடு கரையில் விழுந்தாலும் அது துளிர்க்கும். தனியாக வெட்டி, வெயிலில் காயப்போட்டு, தனி வண்டியில் அனுப்ப வேண்டும்.

மண்குழி

பொறியாளர்கள் சில்ட் டிராப் என்பார்கள். சரிவு முறியும் இடத்தில், வீடுகளுக்கு மேலே, வண்டிப்பாதை தொடும் ஓரத்தில் அமைத்தது. அளவு எப்படி வந்தது என்றால்: நடுத்தர மழையில் ஒரு தேங்காய் மட்டை 20 மீட்டரை 17 வினாடியில் கடந்தது. மேல்மட்ட வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் வினாடிக்கு 1 மீட்டர். 3 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம், ஆக வினாடிக்கு 1.5 கன மீட்டர். 0.2 மி.மீ. மணல் நிலைத்த நீரில் வினாடிக்குச் சுமார் 2 செ.மீ. இறங்கும். 1.5-ஐ 0.02-ஆல் வகுத்தால் 75 சதுர மீட்டர். ஓடும் நீரில் சுழல் இருப்பதால் ஒன்றரை மடங்கு வைத்து 19 × 6 மீட்டர், 114 சதுர மீட்டர்.

இதே கணக்கை வண்டலுக்குப் போட்டால் 0.02 மி.மீ. துகள் வினாடிக்கு 0.04 செ.மீ.தான் இறங்கும், சுழலுக்கு ஒன்றரை மடங்கு வைக்காமலே கிட்டத்தட்ட ஓர் ஏக்கர் குழி வேண்டும். அது ஏரியின் வேலை. மண்குழி மணலையும் கல்லையும் பிடிக்கும், செந்நீரைத் தெளியவைக்காது. கட்டி முடித்த பின் 'தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தானே போகிறது' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆழம் 1.2 மீட்டர். அடியில் 15 செ.மீ. கல் சோலிங் (கல் பாவிய தளம்), 17 கன மீட்டர், ஆறு யூனிட் கல், எல்லாம் ஓடையில் வாரியதே. சோலிங் போட்டது உறுதிக்கு மட்டுமல்ல. அடுத்த ஆண்டு வாரும் ஆபரேட்டர் பக்கெட்டில் 'டங்' சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொள்வார். மட்டம் பார்க்க ஆள் தேவையில்லை. ஓர் ஓரத்தில் வண்டி இறங்க 1:6 சரிவில், மூன்றரை மீட்டர் அகலத்தில், ஏழு மீட்டர் நீளப் பாதை. இதை மறந்து கட்டிய மண்குழிகளை வாராமலே விட்டுவிடுகிறார்கள்.

கீழ்முனையில் 6 மீட்டர் முழு அகலத்துக்கும் கலிங்குச் சுவர், தண்ணீர் இதன் மேல் வழிந்து போகும். கருங்கல், 1:5 சிமெண்ட் கலவை, மேல் அகலம் 45 செ.மீ., அடியில் 60 செ.மீ. ஆழத்துக்கு இறங்கும் வெட்டுச்சுவர். 1.5 கன மீட்டர் ஓடும்போது உச்சிக்கு மேல் 28 செ.மீ. நிற்கும், 4 கன மீட்டரானால் 54. பக்கக் கரையை அதற்கு மேலும் அரை மீட்டர் உயர்த்தி, சுவரின் இரண்டு முனையையும் கரைக்குள் ஒரு மீட்டர் செருகியாயிற்று. செருகாத சுவரைத் தண்ணீர் உடைக்காது, பக்கத்தில் சுற்றிக்கொண்டு போய்விடும். குழி வெட்டிய கெட்டி மண்தான் இந்தக் கரைக்குப் போனது.

தண்ணீர் வடிய சுவரின் அடியில் 110 மி.மீ. பிவிசி குழாய், குழிக்குள் அதன் முனை செங்குத்தாக நிற்கும். முதலில் 6 மி.மீ. துளை போட்டு ஷேட் நெட் சுற்றியிருந்தோம். ஒரு மழையில் களி அப்பி அடைத்து, பத்து நாள் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு நெளிந்தது. வலையைக் கழற்றி, துளையை 10 மி.மீ. ஆக்கி, சுற்றிலும் 40 மி.மீ. ஜல்லியை அரை மீட்டர் தடிமனுக்குக் கொட்டிய பிறகு இரண்டு நாளில் வடிகிறது. ஜல்லியை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து அலச வேண்டும்.

குழியின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் நட்டு, அடியிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் சிவப்புப் பட்டை. பட்டை மறைந்தால் 90 கன மீட்டர் நிரம்பிவிட்டது, வார வேண்டும். மழை நடுவில் அரைகுறையாக வாருவதை விட, பட்டை மறைந்த மறுநாளே வாருவது லாபம்.

குப்பைக் கம்பி

பாலத்தின் வாயிலேயே கம்பி அடிக்கச் சொன்னார்கள். கூடாது. கம்பி அடைத்தால் பாலமே அடைத்ததற்குச் சமம். ஐந்து மீட்டர் மேலே, 25 மி.மீ. கம்பி, 15 செ.மீ. இடைவெளி, 60 டிகிரி சாய்வு. உச்சிக்கு மேல் தண்ணீர் தாண்டிப் போக இடம். அக்டோபரில் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஓர் ஆளை அங்கே நிறுத்துவது நல்லது. வாழைக்கன்றும் உடைத்த பூசணியும் அன்றுதான் ஓடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அந்த மாதத்தில்தான் தொடங்கும்.

மண் எங்கே போனது

கரையிலேயே குவிப்பது எளிது, மலிவு, வீண். அடுத்த மழையில் அதே மண் அதே ஓடைக்கு வரும். ஈரப் பாரம் கரையையும் சரிக்கும். மூக்கனேரியில் 2010 வாக்கில் வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள். அகலமான ஏரிக்கு அது அருமையான வழி. மூன்று மீட்டர் ஓடைக்கு ஆகாது.

ஓடை அரசுப் புறம்போக்கு. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு சட்டி மண்ணும் வெளியே போகக் கூடாது, மணலை விற்கவே கூடாது. வயலுக்கு வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி கிடைக்கிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. கேட்கப் பெரிதாக இருக்கும்; பரப்பினால் இரண்டு செ.மீ. கனம்தான். வயலுக்குப் போக வேண்டியது கடைசி 100 மீட்டரில் எடுத்த வண்டல் மட்டும். தலைமாட்டுச் சரளை வயலுக்குப் போனால் விவசாயி திட்டுவார். அது அரசு நிலத்துப் பள்ளம் நிரப்பப் போனது. வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பக்கத்திலிருந்து வரும் ஓடை மண்ணில் மக்னீசியம் மிகுதி, பயிருக்கு உதவாது. நகருக்குள் திருமணிமுத்தாற்றில் வாரியதும் சாயக்கழிவு பட்டது. சோதிக்காமல் வயலில் போடக் கூடாது.

களி மண்ணை ஏற்றும் டிப்பரில் முதலில் ஒரு பக்கெட் மணலைப் பரப்பினால் ஒட்டாமல் கொட்டும். பின் கதவு இடுக்கில் வைக்கோல் திணித்தால் தெருவில் சேறு ஒழுகாது. ஒழுகினால் அன்றே கழுவ வேண்டும், இருசக்கர வண்டி வழுக்கும்.

மேலே

ஓடைத் தலையில் ஏழு இடத்தில் கற்தடுப்பு. உயரம் முக்கால் மீட்டர், நடுவில் 20 செ.மீ. தாழ்ந்த வாய், இருபுறமும் கரைக்குள் அரை மீட்டர் செருகல். கீழ்த் தடுப்பின் உச்சி மேல் தடுப்பின் அடியோடு சமமட்டமாக வரும்படி இடைவெளி. நடுவாய் இல்லாமல் நேராக அடுக்கிய இரண்டைத் தண்ணீர் ஒரே மழையில் பக்கவாட்டில் அரித்துப் போனது. பிரித்துத் திரும்ப அடுக்கினோம். இந்தத் தடுப்புகளுக்குப் பின்னால் நிற்கும் மண்ணை வாரக் கூடாது. நல்ல எண்ணத்தில் மண்வெட்டியோடு வருபவர்களை முதலில் நிறுத்த வேண்டும். அது நிரம்பி ஓடையின் சரிவைப் படிப்படியாகக் குறைப்பதற்குத்தான் தடுப்பே. வாரினால் மறுபடி முதலிலிருந்து.

மே மாதக் கோடை மழைக்குப் பின் மண்குழியில் 22 செ.மீ. நின்றது, 25 கன மீட்டர். குழாய்ப் பாலத்தில் இரண்டு செ.மீ. மட்டும், அதுவும் வழுவழுப்பான செந்நிறப் படிவு. வடிகுழாயின் மூடியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூடி இல்லாமலே நன்றாக வடிவதால் புதிது வாங்கவில்லை.